வயது போன நாய் இரவில் ஏன் உறங்குவதில்லை?

கடந்த மார்கழி முழுவதும் எங்கள் வீட்டில் ஒருவரும் வடிவாக நித்திரை கொள்ளவில்லை. இரவு ஒரு மணியளவில் விறாந்தையில் நகங்கள் சீமெந்தில் உரசும் சத்தம் தொடங்கும். ஜிம்மி எழும்புவான். நாலு அடி நடப்பான், நிற்பான், ஒரே இடத்தில் சுற்றுவான், படுப்பான். பத்து நிமிடத்தில் ஒரு முனகலோடு திரும்பவும் எழும்புவான். விடியும்வரை இதுதான். பகலில் வேப்பமரத்தடியில் செத்ததுபோலக் கிடந்து உறங்குவான்.

2011இல் வலிகாமம் வடக்கில் எங்கள் காணிக்குத் திரும்பி, பற்றை வெட்டித் தகரக் கொட்டில் போட்டிருந்த நாட்களில், அயல்வீட்டு மாமி கடகத்துக்குள் வைத்துக் கொண்டுவந்து தந்த குட்டி அவன். மீள்குடியேறிய வீடுகள் பலவற்றுக்கு அந்தக் காலத்தில் இப்படித்தான் ஒரு குட்டி வந்து சேர்ந்தது. வேலியும் படலையும் இல்லாத வளவுக்கு நாய்தான் வேலி. அந்த நாய்களில் உயிரோடு இருப்பவை எல்லாம் இப்போது கிழடாகிவிட்டன. நான் கதைத்த வீடுகளில் பாதிக்கு மேல் இதே கதையைச் சொன்னார்கள்: நாரி இழுபடுகிறது, படியேற ஏலாது, இரவில் நித்திரை இல்லை.

"வயசு போனால் அப்பிடித்தான்" என்றார் அம்மா. பக்கத்து வளவு ஆச்சி வேறொன்று சொன்னார்: "ராவிலை நாய் அந்தரப்பட்டால் ஆருக்கோ சரியில்லை, பிள்ளை." இரண்டையும் கேட்டுவிட்டு நான் ஒரு பெரிய பிழை செய்தேன். அப்பாவின் முழங்கால் நோவுக்கு வாங்கி வைத்திருந்த டைக்ளோபினாக் குளிசையில் பாதியைச் சோற்றுக்குள் மறைத்துக் கொடுத்தேன். நோவுக் குளிசைதானே என்ற நினைப்பு. மூன்று நாள் கொடுத்தேன். மூன்றாம் நாள் சத்தி எடுத்தான். மலம் தார்போலக் கறுத்திருந்தது. ஓட்டோ பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினேன். அவர் ஏசவில்லை. "குளிசை மட்டையைக் கொண்டுவந்தனீங்களோ?" என்று மட்டும் கேட்டார். கீழே எழுதியிருப்பவற்றில் பெரும்பகுதி அந்த நாளிலிருந்து கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவை.

நோ என்று நாய் சொல்லாது

மூட்டுகளில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டின் உள்ளே அழற்சி ஏற்படுவதைத்தான் மூட்டுவாதம் என்கிறோம். மனிதருக்கு வருவதும் நாய்க்கு வருவதும் ஏறத்தாழ ஒன்றுதான். இடுப்பு, முழங்கால், முழங்கை, முள்ளந்தண்டு ஆகியவையே நாய்களில் அதிகம் பாதிக்கப்படும் இடங்கள்.

இதன் குணம் என்னவென்றால், அசையாமல் கிடந்தால் மூட்டு இறுகும். பகலில் நாய் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பித் திரியும், ஆட்களைப் பார்க்கும், கவனம் வேறெங்கோ இருக்கும். இரவில் குளிர்ந்த சீமெந்தில் இரண்டு மணித்தியாலம் ஒரே பக்கம் கிடந்த பிறகு இறுக்கமும் நோவும் சேர்ந்து அதை எழுப்பிவிடுகின்றன. எழும்பி நடந்தால் சற்றுச் சுகம், படுத்தால் திரும்பவும் நோ. மாரி காலத்து ஈரமும் மார்கழி, தை மாதப் பனியும் பட்டால் இன்னும் மோசம்.

நாள்பட்ட வலிக்கு நாய் கத்தி அழுவதில்லை. "அவன் கத்தவில்லையே, நோ இருந்தால் கத்தியிருப்பானே" என்று நானும்தான் நினைத்தேன். பார்க்க வேண்டியவை வேறு. படுக்குமுன் பலமுறை சுற்றுவது, முதலில் முன்காலை மடித்துவிட்டுப் பின்பக்கத்தைத் தயங்கித் தயங்கி இறக்குவது, எழும்பும்போது முன்கால்களால் உடலை இழுப்பது, ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருப்பது, பின்தொடைச் சதை வற்றுவது, நகங்கள் தேயாமல் நீளுவது, வெக்கையில்லாத இரவிலும் மூச்சு வாங்குவது. தடவும்போது இடுப்பில் கைபட்டதும் உறுமினால் அது குணம் மாறியதன் அடையாளம் என்று அடிக்கக்கூடாது. அங்கே நோகிறது.

கைத்தொலைபேசியில் இரண்டு காணொளிகள் எடுத்து வையுங்கள். ஒன்று இரவில் அந்தரப்படும்போது, மற்றது காலையில் முதல் பத்து அடி நடக்கும்போது. வைத்தியரின் மேசைக்குப் போனதும் பயத்தில் நாய் நொண்டாமல் நடந்து காட்டிவிடும். என் வாய்ச்சொல்லைவிட அந்த நாற்பது செக்கன் காணொளிதான் வைத்தியருக்கு உதவியது. எத்தனை மணிக்கு எழும்பியது, தண்ணீர் குடித்ததா, சலம் போனதா என்று ஒரு கொப்பியில் ஒரு கிழமை எழுதி வைத்தால் இன்னும் நல்லது.

எல்லாம் மூட்டுவாதம் அல்ல

இரவில் எழும்பி நேரே வாசலுக்குப் போய் நிற்கிறது, முன்பைவிட அதிகம் தண்ணீர் குடிக்கிறது என்றால் சிறுநீரக நோய் அல்லது நீரிழிவு இருக்கலாம். படுத்தவுடன் இருமினால் இருதயத்தைப் பார்க்க வேண்டும். உண்ணிகள் பரப்பும் காய்ச்சல்கள் எங்கள் நாட்டில் சாதாரணம். அவையும் மூட்டுகளில் நோவை உண்டாக்கும். அது வேறு மருந்தால் மாறக்கூடியது என்பதால் இரத்தப் பரிசோதனை செய்யாமல் எல்லாவற்றையும் வயதின் தலையில் போடக்கூடாது.

இன்னொன்று மறதி. மனிதரில் டிமென்சியா என்பதுபோல நாய்க்கும் மூளை தளரும். கலிபோர்னியாவில் மிருக வைத்திய ஆய்வாளர்கள் 2001இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 11, 12 வயது நாய்களில் 28 வீதமானவற்றிலும், 15, 16 வயது நாய்களில் 68 வீதமானவற்றிலும் இதன் ஏதாவது ஓர் அறிகுறியாவது காணப்பட்டது. இரவும் பகலும் தலைகீழாவது, சுவரைப் பார்த்தபடி நிற்பது, கதவின் பிணைச்சல் பக்கம் போய் வழி தெரியாமல் நிற்பது, பழகியவரை அடையாளம் தெரியாமல் போவது, வீட்டுக்குள் சலம் விடுவது ஆகியன அடையாளங்கள். நோவால் எழும்பும் நாய் படுக்க இடம் தேடும். மறதியால் எழும்பும் நாய் எதைத் தேடுகிறது என்று அதற்கே தெரியாது. சோதனை என்னவோ, இரண்டும் ஒரே நாயில் சேர்ந்தே வரும். அதனால் வைத்தியர்கள் பலர் முதலில் இரண்டு கிழமைக்கு நோவுக்கு மருந்து தந்து பார்ப்பார்கள். நித்திரை திரும்பினால் காரணம் நோதான். திரும்பாவிட்டால் அடுத்ததைத் தேடலாம்.

ஒரு எச்சரிக்கை. மூட்டுவாதம் மாதக்கணக்கில் மெல்ல வருவது. ஓரிரு நாளுக்குள் நாயின் போக்கு முற்றாக மாறி, குரல் கரகரத்து, வீணி வடிந்து, தாடை தொங்கி, விழுங்க முடியாமல், கண்டதையெல்லாம் கடித்தால் அது விசர்நோயாக இருக்கலாம். வாய்க்குள் கை வைக்க வேண்டாம். தனியாக அடைத்துவிட்டுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ மிருக வைத்தியருக்கோ அறிவியுங்கள். கடியோ வீணியோ பட்டிருந்தால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி உடனே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். கிழட்டு நாய்தானே, வெளியில் போவதில்லையே என்று தடுப்பூசியை விட்டுவிடும் வீடுகள் உண்டு. விடக்கூடாது.

வீட்டு மருந்துப் பெட்டியை மூடுங்கள்

நான் செய்த பிழையை எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. அது என் ஒருவனின் பிழை அல்ல. மிருக வைத்தியர் தூரத்தில், ஓட்டோக் காசு அதிகம், ஞாயிற்றுக்கிழமை யாருமில்லை. மருந்துப் பெட்டி மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. டைக்ளோபினாக், ஐபுபுரோபன் இரண்டும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி உள்ளே இரத்தம் கசியச் செய்யும். சிறுநீரகத்தையும் பழுதாக்கும். பனடோலும் அளவு கூடினால் நாயின் ஈரலைத் தாக்கும். பூனைக்கு ஒரு குளிசையே உயிரை எடுக்கலாம். நோவுக்குப் பூசும் பாம் வகைகளையும் தவிர்க்க வேண்டும். நாய் நக்கி விழுங்கிவிடும்.

நாய்க்கென்று பரிசோதிக்கப்பட்ட நோவு மருந்துகள் உண்டு. மெலொக்சிகாம், கார்புரோபன் போன்றவற்றை நாயின் நிறையைப் பார்த்து, இயலுமானால் ஈரல், சிறுநீரகப் பரிசோதனை செய்து, வைத்தியர் எழுதித் தருவார். சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். சத்தியோ கறுத்த மலமோ சாப்பாட்டு வெறுப்போ கண்டால் நிறுத்திவிட்டு உடனே அறிவிக்க வேண்டும். பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது. அதனால் வேறு யாரிடமாவது முன்பு ஊசி போட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். நோ இன்னும் அடங்காவிட்டால் கபாபென்டின் என்ற மருந்தைச் சேர்ப்பதுண்டு. மறதிக்கு செலெஜிலின் உண்டு.

"டொக்டர், ராவிலை நித்திரைக்கு ஒரு ஊசி போட்டுவிடுங்கோ" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மயக்க மருந்து நாயைக் கிடத்தும். ஆனால் நோ அப்படியே இருக்கும், அதைக் காட்டத்தான் நாய்க்கு முடியாமல் போகும். நமக்கு நித்திரை கிடைக்கும் என்பதைத் தவிர அதில் நாய்க்கு ஒன்றுமில்லை.

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 மூட்டு அழற்சிக்கு ஓரளவு உதவுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் குளுக்கோசமைன் போத்தல்கள் விலைக்கேற்ற பலன் தருவதாக எனக்குத் தெரியவில்லை.

நிலம், படுக்கை, கிணறு

மருந்துக்கு அடுத்தபடியாக உதவியது காசில்லாத வேலைகள்தான். பழைய தும்பு மெத்தையை நாலாக வெட்டி, மேலே உரச்சாக்கு, அதன்மேல் அம்மாவின் பழைய சீலை. நிலத்தின் குளிர் ஏறாமல் இருக்கவேண்டும், எலும்பு நிலத்தில் முட்டாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். மழை தூவானம் படாத மூலையில், மாரியில் தண்ணீர் நிற்காத உயரத்தில் போட வேண்டும்.

இப்போது பல வீடுகளில் வெளிநாட்டுக் காசில் மாபிள் பதித்திருக்கிறார்கள். பார்க்க வடிவு. மூட்டுவாத நாய்க்கு அது பனிக்கட்டிமேல் நடப்பதுபோல. கால் வழுக்கி அகலும் ஒவ்வொரு முறையும் இடுப்பு பிரளும். படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டிவரை, அங்கிருந்து வாசல்வரை பழைய சாக்குகளை நடைபாதைபோல விரித்துவிடலாம். நகத்தையும் வெட்டிவிட வேண்டும்.

பகலெல்லாம் சங்கிலியில் கட்டி இரவில் அவிழ்த்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். மூட்டுவாத நாய்க்கு இது இரட்டைத் தண்டனை: பகலில் இறுகுகிறது, இரவில் நடக்கிறது. காலையும் மாலையும் பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக ஒழுங்கையில் நடத்துங்கள். ஒருநாள் நீளமாக நடத்திவிட்டு நாலு நாள் விடுவதைவிடத் தினமும் கொஞ்சம் நடப்பது நல்லது. இரவுச் சாப்பாட்டைப் பொழுதுபட முன்பே கொடுத்து, படுக்கப் போகுமுன் ஒருமுறை வெளியில் கூட்டிப்போனால் சலத்துக்காக எழும்புவது குறையும். ஆனால் தண்ணீரை மட்டும் எடுத்து வைக்கக்கூடாது.

தவிடோ உப்போ வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பதை அப்பா தொடங்கினார். தன் முழங்காலுக்குக் கொடுத்த மிச்சச் சூடு அவனுக்கு. முதலில் உங்கள் கையில் வைத்துப் பார்த்து, இளஞ்சூடாக இருந்தால் பத்து நிமிடம் இடுப்பில் வைக்கலாம். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டில் வைக்க வேண்டாம்.

நிறையும் முக்கியம். அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுதும் கவனித்த ஆய்வொன்று 2002இல் வெளியானது. கால்வாசி குறைவாக உண்ட பாதி நாய்களின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றப் பாதிக்கு 11.2 வருடம். குறைவாக உண்டவற்றுக்கு மூட்டுவாதமும் பிந்தியே வந்தது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். தேத்தண்ணி நேரத்தில் கொடுக்கும் பிஸ்கட்டை நிறுத்துவது எங்கள் வீட்டில் மருந்து கொடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

கிணற்றைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். கட்டு இடிந்த கிணறுகளும் கட்டே இல்லாத தோட்டக் கிணறுகளும் இங்கே இன்னும் எத்தனையோ. கண் மங்கி, இடம் மறந்து இரவில் அலையும் நாய்க்கு அது மரணக்குழி. மூட வலையோ தகரமோ இல்லாவிட்டால் இரவில் நாயை விறாந்தைக்குள் வைத்துப் பலகையால் மறித்துவிடுங்கள். சிறிய ஒரு விளக்கு எரிந்தால் அதுவும் குறைவாகத் தடுமாறும்.

குரைப்பை எண்ணிக் கிடந்த இரவுகள்

இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோது வெளிநாட்டு மிருக வைத்தியர்கள் எழுதிய நல்ல ஆலோசனைகள் நிறையக் கிடைத்தன. அவற்றில் ஒன்றிலும் எங்கள் வீட்டுப் பிரச்சினை இல்லை. அது நாயின் பிரச்சினை அல்ல, அம்மாவுடையது.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்து இரவுகள் எப்படி இருந்தன என்பதை வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நான் அப்போது பாடசாலை மாணவன். ஊரடங்கு. வீதியில் எது போகிறது என்று எட்டிப் பார்க்க முடியாது. நாய்கள்தான் செய்தி. சந்தியில் ஒரு நாய் குரைக்கும், பிறகு அடுத்த ஒழுங்கை நாய், பிறகு வாசிகசாலைப் பக்கம். குரைப்பு வரும் திசையை வைத்து அம்மா விளக்கைத் தணிப்பார். அது எங்கள் படலையைத் தாண்டிப் போகும்வரை மூச்சு விடமாட்டோம். அதற்கு முன் இந்திய இராணுவ காலத்திலும் அப்படித்தான் என்று அப்பா சொல்வார். ஒரு தலைமுறையே நாய்ச் சத்தத்துக்கு எழும்பி உட்காரப் பழகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், போருக்குள் வாழ்ந்தவர்களின் நித்திரையின்மையையும் திடுக்கிடலையும் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

ஜிம்மி எழும்பும்போது நான் எரிச்சலோடு புரண்டு படுப்பேன். அம்மா எழும்பி உட்கார்ந்துவிடுவார். கதவுக் கொழுக்கியைப் பார்ப்பார். பிறகு நித்திரை வராது. "நாய்தான் அம்மா, நோவிலை எழும்புது" என்றால், "தெரியும்" என்பார். தெரிந்தும் நெஞ்சு அடிக்கிறது.

நோ நாயையும் சத்தத்துக்குப் பயப்பட வைக்கும் என்பதை நான் பிறகுதான் வாசித்தேன். பிரித்தானியாவின் லிங்கன் பல்கலைக்கழகம் சம்பந்தப்பட்ட சிறிய ஆய்வொன்று 2018இல் வெளியானது. சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களைப் பார்த்தார்கள். பாதிக்கு உடலில் நோ இருந்தது. அந்த நாய்களுக்குச் சத்தப் பயம் தொடங்கியது மற்றவற்றைவிடச் சுமார் நான்கு வருடம் பிந்தித்தான். திடுக்கிடும்போது தசை இறுகி மூட்டு நோக, அடுத்தமுறை அந்தச் சத்தத்தோடு நோவும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது என்பது அவர்களின் விளக்கம். ஆகவே, முன்பு கோயில் திருவிழா வெடிக்கும் ஐப்பசி இடிமுழக்கத்துக்கும் அசையாத நாய் பத்து வயதுக்குப் பிறகு கட்டிலுக்குக் கீழே ஓடினால் மூட்டுகளைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் செய்த ஏற்பாடு சாதாரணமானது. நாயின் படுக்கையை விறாந்தையிலிருந்து அம்மாவின் அறை வாசலுக்கு மாற்றினோம். அறைக்குள் நாய் வருவதா என்று அப்பா இரண்டு நாள் முகம் சுழித்தார். அவன் எழும்பும் சத்தம் அருகில் கேட்டால் அது அவன்தான் என்று உடனே தெரிகிறது. தூரத்துச் சத்தம்தான் அம்மாவை உலுக்கியது. இரவு முறையையும் பிரித்துக்கொண்டோம்: இரண்டு மணிவரை நான், பிறகு அப்பா. அம்மா எழும்பத் தேவையில்லை என்று முடிவு. ஒருவரே எல்லா இரவையும் சுமக்கும் வீட்டில் கடைசியில் நாய் அடி வாங்கும், அல்லது ஆள் நோயாளியாவார். நாய் உறங்கத் தொடங்கிய பிறகும் உங்களுக்கு நித்திரை வராவிட்டால் அதை வயதென்று விடாதீர்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன.

ஏலாமல் போன நாயை மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சந்தையடியிலோ கடற்கரையிலோ விட்டுவிட்டு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். வைரவருக்கு வடைமாலை சாத்தும் ஊரில் இது நடக்கிறது. இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் நாய்கள் சரணாலயம் இருக்கிறது. அது தெருவில் நிற்பவற்றுக்குப் பெரிய ஆறுதல்தான். ஆனால் நடக்க ஏலாத நாயொன்று பதின்மூன்று வயதில் புது இடத்தில் நூறு நாய்களுக்கிடையே சோற்றுக்குப் போட்டி போட முடியாது.

மருந்துக்கும் அடங்காத நோ, சலத்திலேயே கிடப்பது, சாப்பாட்டை வெறுப்பது என்று நாட்கள் தொடர்ந்தால் ஊசி போட்டு அனுப்பிவைப்பதைப் பற்றி மிருக வைத்தியரிடம் கதைக்கலாம். மயக்கமடையச் செய்த பிறகே அதைச் செய்வார்கள். பாவம் வரும் என்று பலர் பின்வாங்குகிறார்கள். நாங்களும் ஒருமுறை கதைத்தோம், முடிவெடுக்கவில்லை. ஒரு கலண்டரில் நல்ல நாளுக்குச் சரி, கெட்ட நாளுக்குப் பிழை என்று அடையாளமிடச் சொன்னார் வைத்தியர். இந்த மாதம் இதுவரை ஐந்து பிழை, மிகுதி எல்லாம் சரி.

நேற்று இரவு அவன் நாலரைக்குத்தான் எழும்பினான். கோயில் மணி அடித்த நேரம். அம்மா எழும்பிக் கேத்தில் வைத்துவிட்டார், அவன் குசினி வாசலில் போய்ப் படுத்துக்கொண்டான். குளிசை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இந்தமுறை சிறுநீரகத்துக்கும் இரத்தம் பார்க்க வேண்டுமாம், காலையில் கூட்டிப்போக வேண்டும்.